மாற்றுக்குப் பிறகு வாரா வாரம் வைரஸ் ரிப்போர்ட்: புதிதாக வரும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்கு ஸ்டெம் செல் ஏற்றி முடிந்த சில நாளில் ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் எடுப்போம். "இது வைரஸுக்கு" என்று சொல்வோம். அடுத்த வாரமும் எடுப்போம், அதற்கடுத்த வாரமும். மூன்றாவது வாரம் பெரும்பாலான அம்மாக்கள் கேட்பார்கள்: "காய்ச்சலே இல்லையே சிஸ்டர், எதுக்கு மறுபடி மறுபடி எடுக்கறீங்க?"

காய்ச்சல் இல்லாதபோது எடுப்பதுதான் விஷயமே. இந்த வைரஸ்கள் பிள்ளையின் உடம்பில் தெரிவதற்கு முன்னாலேயே ரத்தத்தில் தெரிந்துவிடும். அந்த இடைவெளியில் பிடித்தால் மருந்து வேலை செய்ய நேரம் இருக்கிறது. நுரையீரலுக்கோ குடலுக்கோ இறங்கிய பிறகு பிடித்தால் மீட்பது மிகக் கடினம். குழந்தைகள் மாற்று வார்டில் பல வருடமாக ரத்தம் எடுப்பதும், ரிப்போர்ட் வந்ததும் வீட்டுக்குப் போன் செய்வதும் என் வேலை. அந்த இடத்திலிருந்து, முதல் தடவை வரும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் முக்கியமாக இன்னொருவரிடமிருந்து செல் வாங்கிச் செய்யும் மாற்றுக்குப் பொருந்தும். பிள்ளையின் சொந்தச் செல்லையே திருப்பிக் கொடுக்கும் மாற்றில் இந்த ஆபத்து பெரும்பாலும் குறைவு.

வைரஸ் எங்கிருந்து வருகிறது

"நாங்க யாரையும் ரூமுக்குள்ளயே விடலையே, எப்படி வந்துச்சு?" என்று ஒரு அப்பா அழாத குறையாகக் கேட்டார். தன் மேல் ஏதோ தப்பு என்று நினைத்துவிட்டார். உங்களுக்கும் அந்த நினைப்பு வரும், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்ததே இல்லை. சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி., எப்ஸ்டீன் பார் வைரஸ் எனும் ஈ.பி.வி., சின்னம்மை வைரஸ் (இங்கே அம்மை என்றாலே இதுதான்), வாய்ப்புண் வைரஸ், எச்.எச்.வி.-6 எல்லாமே ஹெர்பீஸ் குடும்பம். ஒரு தடவை உடம்புக்குள் வந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது, ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருக்கும். ஈ.பி.வி. பி செல்கள் எனும் வெள்ளை அணுக்களில் இருக்கும். அம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் இருக்கும். பி.கே. வைரஸும் அடினோ வைரஸும் வேறு குடும்பம்தான், ஆனாலும் பி.கே. சிறுநீர்ப் பாதையிலும் அடினோ டான்சிலிலும் குடலிலும் சத்தமில்லாமல் கிடக்கும். நம்மில் பெரும்பாலோர் உடம்பிலும் இவற்றில் சில இருக்கின்றன. டி செல்கள் எனும் வெள்ளை அணுக்கள் காவல் நிற்பதால் தலை தூக்குவதில்லை.

மாற்றுக்கு முன் கொடுக்கும் கீமோ, கதிர்வீச்சு, டி செல்களை அழிக்கும் ஏ.டி.ஜி. மருந்து எல்லாம் அந்தக் காவலைத் துடைத்துவிடுகின்றன. புதுச் செல் ஊன்றி நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணு ஏற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். கவுன்ட் வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படுவோம், சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் நியூட்ரோஃபில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் பார்க்கும் செல். வைரஸைப் பார்க்கும் டி செல் திரும்ப மாதக்கணக்கு ஆகும். கவுன்ட் வந்த பிறகும் வைரஸ் சோதனை தொடர்வதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

குழந்தைகளில் இன்னொன்றும் உண்டு. சின்ன வயது என்பதால் பல வைரஸ்களை அவர்கள் இன்னும் சந்தித்தே இருக்க மாட்டார்கள். டோனரின் செல்லோடு வருவது அவர்களுக்கு முதல் தொற்றாகவே இருக்கலாம். வார்டில் இரண்டையும் சேர்த்து "வைரஸ் கிளம்பியிருக்கு" என்றுதான் பேசிக்கொள்வோம்.

மாற்றுக்கு முன்பே இரண்டு தாளைக் கேட்டு வாங்குங்கள்

ஒன்று பிள்ளையின் சி.எம்.வி., ஈ.பி.வி. எதிர்ப்பொருள் ரிப்போர்ட், இன்னொன்று டோனருடையது. அதில் ஐ.ஜி.ஜி. எனும் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்றால் அந்த வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

சி.எம்.வி. விஷயத்தில் பலரும் குழம்பும் இடம் ஒன்று. சிறுநீரக மாற்றில் டோனருக்கு வைரஸ் இருந்து வாங்குபவருக்கு இல்லாவிட்டால்தான் ஆபத்து அதிகம். ஸ்டெம் செல் மாற்றில் நேர்மாறு. பிள்ளை பாசிட்டிவ், டோனர் நெகட்டிவ் என்றால்தான் அதிகக் கவனம் வேண்டும். ஏனென்றால் வைரஸ் பிள்ளையின் உடம்பில் இருக்கிறது, ஆனால் வரப்போகும் புதுக் காவலாளிகளுக்கு அந்த வைரஸின் முகமே தெரியாது. பழகித் தெரிந்துகொள்ளும்வரை அவர்கள் திணறுவார்கள். இருவருமே நெகட்டிவ் என்றால் ஆபத்து மிகக் குறைவு.

பச்சைக் குழந்தைகளில் இந்த ரிப்போர்ட்டை அப்படியே நம்ப முடியாது. அம்மாவின் எதிர்ப்பொருள் குழந்தையின் ரத்தத்தில் ஒரு வயதுவரை, சில சமயம் அதற்கு மேலும், தங்கியிருக்கும். குழந்தை பாசிட்டிவ் என்று வருவது அம்மாவின் கதையாக இருக்கலாம். அடிக்கடி ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றிய பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்: கொடுத்தவரின் எதிர்ப்பொருளைத்தான் சோதனை காட்டும். அதனால் முடிந்தால் முதல் ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். கைக்குழந்தை என்றால் "சிறுநீர் அல்லது எச்சிலில் சி.எம்.வி. பி.சி.ஆர். பார்க்கணுமா?" என்று கேளுங்கள். பி.சி.ஆர். என்பது வைரஸின் மரபணுவைத் தேடி எண்ணும் சோதனை. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவாக இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். தாய்ப்பாலில் சி.எம்.வி. வரக்கூடும். அதற்காக நீங்களே பாலை நிறுத்த வேண்டாம், குழுவோடு பேசி முடிவெடுங்கள்.

எந்த வைரஸை எப்போது தேடுகிறோம்

செல் ஏற்றிய நாள் டே 0. அங்கிருந்துதான் எல்லாக் கணக்கும்.

சி.எம்.வி.க்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது ரத்த பி.சி.ஆர்., குறைந்தது டே 100 வரை. ஒவ்வொரு வாரமும் எதற்கு என்று கேட்டால் இந்தக் கணக்கைப் பாருங்கள். தடுக்க ஆளில்லாத உடம்பில் சி.எம்.வி. ஓரிரு நாளில் இரட்டிப்பாகிவிடும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை இரட்டிப்பு என்றே வைத்துக்கொள்வோம். இன்று ஒரு மில்லியில் 500 வைரஸ் பிரதிகள் இருந்தால் ஒரு வாரத்தில் ஐந்தாயிரத்தைத் தாண்டிவிடும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 64,000. ஒரு வாரத்தை விட்டுவிட்டால் அது வெறும் ஒரு நாள் லீவு இல்லை என்பது இதில் தெரியும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், எது நடந்தாலும் வாரச் சோதனையைத் தவற விடாதீர்கள் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். பயணம், வீட்டு விசேஷம், பிள்ளை நன்றாக விளையாடுகிறான் என்ற நிம்மதி, எதுவும் காரணமாகக் கூடாது. வர முடியாத வாரம் என்றால் முன்கூட்டியே போன் செய்யுங்கள், பக்கத்தில் எங்காவது எடுக்க வழி செய்வோம்.

அடினோ வைரஸ் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம்தான் அதிகம் வம்பு செய்யும். சின்னப் பிள்ளை, டி செல்லை எடுத்துவிட்டு ஏற்றிய மாற்று, தொப்புள்கொடி ரத்தம், பாதி பொருந்திய டோனர், ஏ.டி.ஜி. கொடுத்தது என்றால் அடினோவையும் வாரா வாரம் ரத்தத்தில் பார்ப்போம். பல மையங்கள் மலத்தையும் சோதிக்கும். ரத்தத்தில் வருவதற்கு முன்பே குடலில் பெருகத் தொடங்கிவிடும் என்பதால் அது நல்ல முன்னறிவிப்பு. ஒரு கிராம் மலத்தில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டினால் ரத்தத்துக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். டயப்பரிலிருந்து மலம் எடுத்துக் கொடுப்பதில் கூச்சப்படாதீர்கள், அலட்சியமும் வேண்டாம். அந்தச் சின்ன டப்பா சில வாரங்களில் ரத்தக் குழாயைவிட அதிகம் சொல்லும்.

ஈ.பி.வி.யைப் பார்ப்பதற்குக் காரணம் வேறு. அது பி செல்களைக் கட்டுப்பாடில்லாமல் பெருகவைத்து நிணநீர்க் கட்டி போன்ற ஒரு நோயைக் கொண்டுவரலாம். மருத்துவர்கள் பி.டி.எல்.டி. என்பார்கள். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வரும். எண் ஏறும்போதே பிடித்தால் கட்டியாக மாறாமல் தடுக்க வாய்ப்பு நன்றாக இருக்கிறது.

எச்.எச்.வி.-6 சீக்கிரமே, இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் கிளம்பும். பல பிள்ளைகளில் வந்த தடம் தெரியாமல் போய்விடும் என்பதால் இதை வாரா வாரம் தேடுவது வழக்கமில்லை, அறிகுறி வந்தால் தேடுவோம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. சுமார் நூற்றில் ஒருவருக்கு இந்த வைரஸின் மரபணு பிறவியிலேயே அவர்களுடைய குரோமோசோமில் சேர்ந்திருக்கும். டோனர் அப்படிப்பட்டவராக இருந்தால் வெள்ளை அணு ஏற ஏற எச்.எச்.வி.-6 எண்ணும் லட்சக்கணக்கில் ஏறும், பிள்ளை நன்றாகவே இருப்பாள். அது நோய் இல்லை, மருந்தும் தேவையில்லை. இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் டோனரின் ரத்தத்தையும் பார்க்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி.

பி.கே. வைரஸ் சிறுநீரில் இருப்பது சாதாரணம். சிறுநீர் கழிக்கும்போது வலி, ரத்தம் வந்தால்தான் அது பேச்சுக்கு வரும். வாய்ப்புண் வைரஸுக்கும் அம்மை வைரஸுக்கும் தேடிக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே அசைக்ளோவிர் கொடுத்துவிடுவோம். அம்மைக்காக அது குறைந்தது ஒரு வருடமாவது தொடரும்.

ரத்தம் எடுக்கும் நாள்

பி.சி.ஆருக்கு ஊதா மூடி, அதாவது ஈ.டி.டி.ஏ. குழாய். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இருக்கும், அது பி.சி.ஆரைத் தடுத்துவிடும். வெளியூரில் எடுக்க நேர்ந்தால் இந்த ஒரு விஷயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான குழாயால் ஒரு வாரத்தையே இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சில் லைன் (ரத்தக் குழாய்க்குள் வைத்திருக்கும் மெல்லிய குழாய்) இருந்தால் அதிலிருந்தே எடுப்போம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டி, லைனின் முனையைக் கிருமிநாசினித் துணியால் நன்றாகத் தேய்த்து, அது காயும்வரை காத்திருப்போம். காய்வதுதான் முக்கியம், ஈரத்தோடு ஊசிக்குழாயைச் சொருகினால் தேய்த்ததே வீண். பிறகு முதலில் வரும் சில மில்லியைத் தனியாக எடுத்துவிட்டு அடுத்ததைக் குழாயில் பிடிப்போம். லைனில் நின்ற ஹெப்பாரினும் மருந்தும் அந்த முதல் ரத்தத்தில் போய்விடும். குழாயை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குவோம், குலுக்க மாட்டோம். ஒட்டிய லேபிளில் பெயர், எண், தேதி, நேரம் சரியா என்று நீங்களும் ஒரு தடவை படியுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். இன்னொரு ஜோடிக் கண் இருப்பது எனக்கு நிம்மதி.

எட்டுக் கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே சுமார் 640 மில்லி ரத்தம்தான். அதனால் தினமும் துளித்துளியாக எடுப்பதைவிட, வைரஸ், கவுன்ட், சிறுநீரகம், ரத்தத்தில் மருந்தின் அளவு எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுக்கும்படி திட்டமிடச் சொல்லுங்கள். மருந்தளவு பார்க்கும் நாளில் அந்த மருந்தின் காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

மூன்று விதமாக வரும். "கண்டறியப்படவில்லை" என்றால் புரிந்துவிடும். "கண்டறியப்பட்டது, ஆனால் அளவிடும் எல்லைக்குக் கீழே" என்றால் ஏதோ கொஞ்சம் இருக்கிறது, எண்ணாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அன்றைக்குப் பயப்படத் தேவையில்லை, அடுத்த வாரத்தைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். மூன்றாவது, எண்.

எண்ணைப் பார்த்ததும் அது எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மில்லிக்கு இத்தனை பிரதிகள் என்று சில ஆய்வகங்கள் கொடுக்கும், சர்வதேச அலகில் சில கொடுக்கும். உலக சுகாதார நிறுவனம் சி.எம்.வி.க்கு 2010இலும் ஈ.பி.வி.க்கு 2011இலும் பொதுவான அளவுகோல் ஒன்றை நிர்ணயித்தது. அதன் பிறகு ஆய்வகங்களுக்கு இடையே ஒப்பிடுவது கொஞ்சம் எளிதானது, ஆனாலும் முழுதாக ஒன்றாகிவிடவில்லை. முழு ரத்தத்தில் பார்த்ததா, பிளாஸ்மாவில் பார்த்ததா என்பதும் முக்கியம். முழு ரத்தத்தில் சி.எம்.வி. எண் பொதுவாகக் கூடுதலாகவே வரும்.

ஒரு அம்மா கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பார். ஒரு வாரம் ஊரில் இருந்ததால் அங்கே ஒரு ஆய்வகத்தில் எடுத்தார்கள். போன வாரம் 4,200 இருந்தது 900 ஆகிவிட்டது. வீடே நிம்மதியாகிவிட்டது. அவர் மட்டும் போன் செய்து, "சிஸ்டர், இதுல பிளாஸ்மான்னு போட்டிருக்கு. நம்மோடதுல முழு ரத்தம்னு இருக்கும். ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டார். ஒன்றில்லை. மறுநாளே வரச் சொல்லி எங்கள் ஆய்வகத்தில் எடுத்தோம், 9,000. எண் இறங்கவே இல்லை, ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கே மருந்து தொடங்கியது. அவர் மருத்துவம் படித்தவர் இல்லை. நோட்டில் "எதில் எடுத்தது" என்று ஒரு பத்தி போட்டிருந்தார், அவ்வளவுதான். ஆகவே முடிந்தவரை ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி.

அப்புறம் லாக் என்ற சொல். பயமுறுத்தும், ஆனால் எளிது. 100 என்றால் 2, 1,000 என்றால் 3, 10,000 என்றால் 4. பூஜ்ஜியங்களை எண்ணுவதுதான் லாக். அரை லாக் என்பது ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்குக் குறைவான ஏற்ற இறக்கம் சோதனையின் இயல்பான ஆட்டமாகவே இருக்கலாம். 400 என்பது 700 ஆனால் பாதி ராத்திரியில் எழுந்து உட்காராதீர்கள். 400 என்பது 4,000 ஆனால் அது உண்மையான ஏற்றம். ஒரு வாரத்து எண் எதையும் முடிவாகச் சொல்லாது. இரண்டு மூன்று வாரத்தின் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் சொல்லும்.

நோட்டில் இவை போதும்: தேதி, டே எண், எந்த வைரஸ், எந்த ஆய்வகம், எதில் எடுத்தது, எண், அன்றைய நியூட்ரோஃபில், லிம்போசைட் (டி செல்லும் பி செல்லும் சேர்ந்த வெள்ளை அணு வகை), ஸ்டீராய்டு அளவு. கடைசி இரண்டையும் விடாதீர்கள். லிம்போசைட் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையின் 800 வேறு, ஸ்டீராய்டு கூட்டிய பிள்ளையின் 800 வேறு.

எண் ஏறினால் என்ன நடக்கும்

எந்த எண்ணில் மருந்து தொடங்குவது என்பது மையத்துக்கு மையம், பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பக்கத்து அறைப் பிள்ளைக்கு 500இல் தொடங்கினார்கள், நமக்கு 1,000 வரை பொறுத்தார்கள் என்று ஒப்பிட்டு வேதனைப்பட வேண்டாம். ஆனால் உங்கள் பிள்ளைக்கு என்ன எல்லை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நோய் வரும்முன், எண்ணை மட்டும் பார்த்து மருந்து தொடங்கும் இந்த முறைக்கு முன்தடுப்புச் சிகிச்சை என்று பெயர்.

சி.எம்.வி.க்குப் பெரும்பாலும் கான்சிக்ளோவிர், நரம்பு வழியாக 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. வாய்வழி வடிவம் வால்கான்சிக்ளோவிர், ஆனால் வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளைக்கு அது சரியாக உள்ளே சேராமல் போகலாம். இரண்டுமே நியூட்ரோஃபிலைக் கீழே இறக்கும். கஷ்டப்பட்டு ஏறிய கவுன்ட் மறுபடி இறங்குவதைப் பார்க்கும்போது மனசு உடையும். செல் கழன்றுவிட்டதோ என்று உடனே முடிவுக்கு வராதீர்கள், மருந்தின் விளைவாகவும் இருக்கலாம் என்று கேளுங்கள். வால்கான்சிக்ளோவிர் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, சிரப் சிந்தினால் கையுறையோடு துடையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த மருந்தைத் தொட வேண்டாம்.

கவுன்ட் மிகக் குறைவாக இருந்தால் ஃபோஸ்கார்னெட் கொடுப்பார்கள். அது சிறுநீரகத்தையும் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் அளவுகளையும் பாதிக்கும். வாயைச் சுற்றி மதமதப்பு, கை விரல் இழுப்பு என்று பிள்ளை சொன்னால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சிறுநீரோடு வெளியேறும்போது தோலில் பட்டால் புண்ணாக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். டயப்பர் பிள்ளைக்கு அடிக்கடி மாற்ற வேண்டும்.

மருந்து தொடங்கிய முதல் வாரம் எண் இன்னும் ஏறலாம். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் பெற்றோர் இடிந்துபோகிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் ஏறுவதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் இறங்காவிட்டால்தான் வைரஸ் மருந்தை எதிர்க்கிறதா என்று மரபணுச் சோதனை செய்வார்கள்.

லெட்டர்மோவிர் என்ற தடுப்பு மருந்தும் இருக்கிறது. அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2017இல் பெரியவர்களுக்கும், 2024இல் ஆறு மாதத்துக்கு மேல், ஆறு கிலோவுக்குக் குறையாத குழந்தைகளுக்கும் இதை அனுமதித்தது. சி.எம்.வி. பாசிட்டிவான பிள்ளைக்கு இது கிடைக்குமா என்று கேட்பதில் தவறில்லை. இரண்டு விஷயம் மட்டும். இது சி.எம்.வி.யை மட்டும்தான் தடுக்கும், அசைக்ளோவிரை நிறுத்திவிடக் கூடாது. இதை எடுக்கும்போது ரத்தத்தில் சின்ன எண் வந்து தானாகவே போவதும் உண்டு, முழு வைரஸாகச் சேராத துண்டுகளையும் பி.சி.ஆர். எண்ணிவிடும். அப்போது உடனே மருந்தை மாற்றாமல் இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பார்கள்.

ஈ.பி.வி. ஏறினால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை முடிந்தால் குறைப்பார்கள், ரிட்டுக்ஸிமாப் கொடுப்பார்கள். கான்சிக்ளோவிர் இதற்கு உதவாது. அடினோவுக்கு சிடோஃபோவிர், அது சிறுநீரகத்தைப் படுத்தும் என்பதால் முன்னும் பின்னும் நிறைய திரவமும் புரோபெனெசிட் என்ற மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். உண்மையில் அடினோவை விரட்டுவது பிள்ளையின் சொந்த லிம்போசைட்தான், மருந்து அதுவரை தாக்குப்பிடிக்க வைக்கிறது. சில மையங்களில் அந்தந்த வைரஸை அடையாளம் காணத் தெரிந்த டி செல்களை டோனரிடமிருந்தோ வேறொருவரிடமிருந்தோ எடுத்து ஏற்றும் வசதியும் உண்டு. மருந்துக்கு மசியாத வைரஸ் என்றால் இதைப் பற்றிச் சீக்கிரமே கேளுங்கள், ஏற்பாடு செய்ய நாள் பிடிக்கும்.

வீட்டில் உங்கள் கண்தான் சோதனை

பி.சி.ஆர். வாரத்துக்கு ஒரு தடவை. நீங்கள் பிள்ளையைப் பார்ப்பது நாள் முழுக்க. குடலில் சி.எம்.வி. இருந்தும் ரத்தத்தில் எண் வராமல் போவதுண்டு, அதனால் "ரிப்போர்ட் நல்லாத்தானே வந்துச்சு" என்று அறிகுறியைத் தள்ளிவிடாதீர்கள்.

காய்ச்சல், மூச்சு வேகமாவது, தூங்கும்போது விலா உள்ளே இழுப்பது, புதிதாக வரும் வயிற்றுப்போக்கு அல்லது ரத்தம் கலந்த மலம், சிறுநீரில் ரத்தமோ கட்டியோ, கழுத்தில் அல்லது டான்சிலில் வீக்கம், திடீரென்று குறட்டை, தோலில் நீர்க் கொப்புளம். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போன், இரவானாலும். வலிப்போ, பிள்ளை குழம்பிப் பேசுவதோ, தூக்கத்திலிருந்து எழுப்பவே முடியாததோ வந்தால் போனுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவு.

நாலு வயசுப் பிள்ளை "கண்ணு மங்கலா தெரியுது" என்று சொல்லாது. டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்காரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், கீழே கிடக்கும் பொம்மையைத் தடவி எடுக்கும். ஒரு பாட்டி வந்து, "பேரன் கலர் பென்சிலைத் தப்பா எடுக்கறான் கண்ணு, முன்னாடி எடுக்க மாட்டான்" என்றார். கண் மருத்துவர் பார்த்தபோது விழித்திரையில் சி.எம்.வி. தெரிந்தது. பாட்டி சொன்னதால்தான் அன்றைக்குப் பார்த்தோம். எச்.எச்.வி.-6 மூளைக்குப் போனாலும் முதலில் இப்படித்தான் இருக்கும்: காலையில் சொன்னது மத்தியானம் நினைவில்லை, ராத்திரி தூக்கமே இல்லை, வழக்கமான பிள்ளையாக இல்லை. "என் பிள்ளை மாதிரி இல்லை" என்று மட்டும் சொல்லத் தோன்றினால் அதையே சொல்லுங்கள். நான் அதைக் குறித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுவேன்.

அம்மையோ அக்கியோ உள்ள யாராவது பிள்ளையின் பக்கத்தில் வந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். எதிர்ப்பொருள் ஊசி போடுவதற்கு நாள் கணக்கு உண்டு, சீக்கிரம் போட்டால்தான் பலன்.

கை சுத்தத்தில் ஒரு நுணுக்கம். அடினோ வைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது, பொருள்களின் மேல் வாரக்கணக்கில் உயிரோடும் இருக்கும். டயப்பர் மாற்றியதும் சோப்பும் தண்ணீரும்தான்.

எப்போது குறைக்கலாம்

டே 100 வந்ததும் பலர் கேக் வெட்டுவார்கள். வெட்டுங்கள். ஆனால் சோதனை தானாக நின்றுவிடாது. டோனரின் செல் பிள்ளையின் உடம்பைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. இருந்தால், ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால், லிம்போசைட் இன்னும் ஏறவில்லை என்றால், முன்பே ஒரு தடவை வைரஸ் கிளம்பியிருந்தால் வாரச் சோதனை தொடரும். லெட்டர்மோவிர் நிறுத்திய பிறகான வாரங்களிலும் பார்த்தாக வேண்டும், மருந்து அடக்கி வைத்திருந்த சி.எம்.வி. அப்போது தலை தூக்கலாம். இதெல்லாம் இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை என்று மெல்லக் குறைப்போம்.

வாரச் சோதனை முடிந்த பிறகும் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து ஜி.வி.எச்.டி. திரும்பி ஸ்டீராய்டு மறுபடி தொடங்கினால், அந்த மருந்துச் சீட்டு எழுதும்போதே கேளுங்கள்: "வைரஸ் பி.சி.ஆர். மறுபடி எந்த நாள்லேருந்து?" தேதியை வாங்கி அடுத்த வரியில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.